சிவப்பு வலது, வெள்ளி இடது

போன ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஊருக்குப் போன் செய்து, "அம்மா, நேத்து வானத்துல பாராசூட்டை அறுத்துவிட்டுட்டு இன்னொரு பாராசூட்ல இறங்கினேன்" என்று சொன்னேன். மறுமுனையில் பேச்சே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வார்த்தையைச் சொல்லாதடி" என்றாள் அம்மா.

நான் எவ்வளவு உயரத்தில் இருந்தேன், எப்படி இறங்கினேன், அடி ஏதும் பட்டதா, எதையும் அவள் கேட்கவில்லை. 'அறுத்து' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டாள். அப்பா போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் அறுப்பது என்றால் முதலில் நெல், அப்புறம் தாலி. மகள் வாயிலிருந்து அது வந்ததும் அவளுக்கு என்ன ஓடியிருக்கும் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.

இங்கே தென்னாப்பிரிக்காவில் எல்லோரும் ஆங்கிலத்தில் 'கட்-அவே' (cutaway), அதாவது வெட்டிவிடுவது, என்றுதான் சொல்கிறார்கள். நான் அதை அப்படியே தமிழாக்கி, அறுத்தேன் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் அங்கே எதுவும் அறுபடுவதில்லை. அன்று அம்மாவுக்குப் புரிய வைக்க மாட்டுக்கயிற்றைத்தான் எடுத்துக்கொண்டேன். மாட்டைக் கட்டும்போது தாத்தா கயிற்றின் நுனியை மடித்துச் செருகி ஒரு முடிச்சுப் போடுவார். மாடு எவ்வளவு இழுத்தாலும் அது இறுகும். ஆனால் அந்த நுனியைப் பிடித்து ஒரு சின்னப் பிள்ளை இழுத்தாலும் முழுக்க அவிழ்ந்துவிடும். "அந்த மாதிரிதாம்மா, அவிழ்த்துவிட்டேன்" என்றேன். "அப்படிச் சொல்லு" என்றாள். அன்றிலிருந்து நானும் அப்படியே சொல்கிறேன்.

ஜோகன்னஸ்பர்க்குக்கு நான் வந்து ஆறு வருடம் ஆகிறது. மென்பொருள் வேலை. வாரக் கடைசியில் நகரத்துக்கு மேற்கே, மக்காச்சோள வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு சின்ன விமானத்தளத்துக்குப் போவேன். இந்த நாட்டில் வானிலிருந்து குதிக்க இடத்துக்குப் பஞ்சமில்லை. ருஸ்டன்பர்க்கில் மலையடிவாரத்தில் குதிக்கலாம், ராபர்ட்சனில் திராட்சைத் தோட்டங்களுக்கு மேல், மோசல் பேயில் கடலைப் பார்த்துக்கொண்டே. பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஒரு முறை குதித்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். நானும் அப்படி ஒருத்தியாகத்தான் போனேன். அப்புறம் பயிற்சி, தேர்வு, ஏ லைசென்ஸ் என்ற முதல் உரிமம். அந்த ஆகஸ்ட் சனிக்கிழமை நடந்தது என்னுடைய 71-வது குதிப்பு.

நிறையப் பேர் என்னிடம் கேட்கும் கேள்வி, "பாராசூட் திறக்காவிட்டால்?" என்பது. முதுகுப் பையில் இரண்டு பாராசூட்கள் உண்டு. ஒன்று நாமே மடித்து, ஒவ்வொரு முறையும் திறக்கும் முதன்மைப் பாராசூட். அதற்கு மேலே, கழுத்தை ஒட்டினாற்போல் இன்னொன்று, ரிசர்வ். அதைத் தொட நமக்கு உரிமை இல்லை. சான்று பெற்ற ரிக்கர் ஒருவர் மடித்து, சிவப்பு நூலால் கட்டி, ஈயமுத்திரை வைத்து, அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். மார்பில் இரண்டு கைப்பிடிகள். வலப்பக்கம் சிவப்பு, அது முதன்மையைக் கழற்றிவிட. இடப்பக்கம் வெள்ளி நிற உலோகப் பிடி, அது ரிசர்வைத் திறக்க. முதலில் சிவப்பு, பிறகு வெள்ளி. இந்த வரிசை மாறினால் ரிசர்வ் மேலே போய், அங்கே ஏற்கெனவே கோளாறாகச் சுற்றிக்கொண்டிருக்கும் துணியில் சிக்கிக்கொள்ளும். பிறகு மூன்றாவது என்று ஒன்று கிடையாது.

ஆனால் "திறக்காவிட்டால்" என்ற அந்தக் கேள்வி கொஞ்சம் இடம் மாறி நிற்கிறது. திறக்கவே இல்லை என்றால் முடிவெடுப்பது எளிது. கஷ்டம், பாதி திறந்தால்தான். இந்தக் கட்டுரையை எழுதுவதே அதைச் சொல்லத்தான்.

முதலில், முதன்மைப் பாராசூட்டை அவிழ்த்துவிடும் அந்த முடிச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த பொருள் அதுதான். அதைப் பற்றிப் பேசாமல் என்னால் மேலே போக முடியாது.

இரண்டு தோளிலும் மூன்று மூன்று வளையங்கள். பெரிய வளையம் நாம் மாட்டியிருக்கும் ஹார்னஸில் தைத்திருக்கும். நடுத்தர வளையமும் சின்ன வளையமும் மேலே பாராசூட்டுக்குப் போகும் வாரில் இருக்கும். பெரியதற்குள் நடுவளையம் நுழைந்து மடங்கும். நடுவளையத்துக்குள் சின்னது நுழைந்து மடங்கும். அந்தச் சின்ன வளையத்தை ஒரு மெல்லிய கயிற்றுக் கண்ணி பிடித்துக்கொள்ளும். அந்தக் கண்ணிக்குள் ஒரு மஞ்சள் கம்பி. அவ்வளவுதான். என் முழு எடையும் பாராசூட்டின் இழுப்பும் பெரிய வளையத்தில் விழுகிறது. ஒவ்வொரு வளையமும் நெம்புகோல் போல வேலை செய்து, அடுத்ததற்கு அந்தச் சுமையில் ஒரு சின்னப் பங்கைத்தான் தள்ளிவிடுகிறது. கடைசியில் கண்ணிக்கு வந்து சேரும்போது அது விரலால் தாங்கக்கூடிய அளவு. சிவப்புப் பிடியை இழுத்தால் மஞ்சள் கம்பி கண்ணியிலிருந்து உருவிக்கொண்டு வரும். மூன்று வளையமும் அடுத்தடுத்துப் புரண்டு விழும். இரண்டு தோளும் ஒரே இழுப்பில் விடுபடும்.

1970-களின் நடுவில் அமெரிக்காவில் பில் பூத் கண்டுபிடித்தது இது. அதற்கு முன் இருந்த கேப்வெல் என்ற உலோகக் கொக்கிகளை ஒவ்வொரு தோளிலும் தனித்தனியாக மூடி திறந்து, விரல் விட்டு விடுவிக்க வேண்டும். சுழன்று கொண்டே விழும் ஒருவர் இரண்டு தோளிலும் அந்த நுட்ப வேலையைச் செய்வதை நினைத்துப் பாருங்கள். இன்று உலகம் முழுக்க விளையாட்டுக்குக் குதிக்கிற கிட்டத்தட்ட எல்லோர் தோளிலும் இருப்பது இந்த மூன்று வளையங்கள்தான். கம்பியில் அழுக்குப் படிந்தால் இழுப்பது கடினமாகிவிடும் என்பதால் மாதம் ஒருமுறை கழற்றி, கம்பியைத் துடைத்து, வாரைக் கையால் வளைத்து வளைத்துப் பழக்க வேண்டும். நான் சனிக்கிழமை காலையில் இந்த வேலையைச் செய்வேன். விளக்குத் திரி மாற்றுவது போல, அவசரமில்லாமல்.

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

ஆகஸ்ட் என்றால் இங்கே குளிர்காலத்தின் கடைசி. ஹைவெல்ட் என்ற இந்த மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேல். மாதக்கணக்கில் மழை இல்லாததால் புல் எல்லாம் காய்ந்து, பாதி இடம் தீப்பிடித்துக் கருகிக் கிடக்கும். நம் ஊர் நாயுருவி போல உடையில் ஒட்டிக்கொள்ளும் பிளாக்ஜாக் என்ற செடியின் விதைகள் எங்கே பார்த்தாலும் இருக்கும். அன்று இரண்டாவது குதிப்பில் ஓடுபாதைக்கு வெளியே அந்தச் செடிகளுக்கு நடுவில் இறங்கினேன். உள்ளே வந்து விதைகளைப் பிடுங்கினேன். எல்லாவற்றையும் பிடுங்கினேனா என்று கேட்டால், இல்லை. கடைசி விமானம் கிளம்ப இருந்தது, வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, மூன்றாவது முறையும் போக வேண்டும் என்ற ஆசை. என் கயிறுகளும் பழையவை, நார் பிரிந்து சொரசொரப்பாக இருந்தன. மடித்தது நான்தான்.

செஸ்னா என்ற அந்தச் சின்ன விமானம் 9,000 அடிக்கு ஏற அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. இந்த 9,000 தரையிலிருந்து அளப்பது. கடல் மட்டக் கணக்கில் நாங்கள் ஏற்கெனவே 14,000 அடி உயரத்தில், மெல்லிய குளிர்காற்றில் உட்கார்ந்திருந்தோம். குதித்தது, விழுந்தது எல்லாம் வழக்கம்போல. 4,000 அடியில் திறந்தேன்.

திறந்ததும் பார்க்க வேண்டியவை உண்டு. துணி விரிந்து சதுரமாக இருக்கிறதா, கயிறுகள் நேராக இருக்கின்றனவா, ஸ்லைடர் என்ற சதுரத் துண்டு கீழே இறங்கிவிட்டதா. மேலே பார்த்தேன். நீலமும் ஆரஞ்சுமாக ஒன்பது அறைகளும் காற்று நிறைந்து விரிந்திருந்தன. அழகாக இருந்தது. வலது பக்க ஓரம் மட்டும் கொஞ்சம் உள்ளே மடங்கியிருந்தது. ஸ்லைடர் முக்கால் வழியில் நின்றிருந்தது. அதற்கு மேலே வலப்பக்கத்து நான்கைந்து கயிறுகள் ஒன்றாகத் திரண்டு ஒரு முடிச்சு. பாராசூட் மெதுவாக வலது பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தது.

3,500 அடி. பாராசூட்டைத் திருப்பும் இரண்டு பிரேக் பிடிகளையும் கீழே முழுக்க இழுத்து, பிடித்து, விட்டேன். பின்வார்களை இழுத்து உலுக்கினேன். முடிச்சு அசையவில்லை. மறுபடியும் இழுத்தேன். ஸ்லைடர் ஒரு சாண் இறங்கியது. அந்த ஒரு சாண்தான் என்னை ஏமாற்றியது. இன்னொரு முறை இழுத்தால் சரியாகிவிடும் என்று மனம் சொன்னது. இடது பிரேக்கைப் பாதிக்கு மேல் பிடித்தால் நேராகப் பறந்தது. 'இப்படியே பிடித்துக்கொண்டு இறங்கிவிடலாமே' என்று நினைத்தேன். அந்த நினைப்பு இன்னும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அது பயத்தில் வந்த நினைப்பு மாதிரியே இல்லை. மிகவும் நிதானமாக, நியாயமாக, வீட்டுப் பெரியவர் யாரோ சொல்வதுபோல இருந்தது.

ஆனால் பயிற்சியில் ஒரு கேள்வி உண்டு: இதை வைத்துத் தரையிறங்க முடியுமா? தரைக்கு அருகே இரண்டு பிரேக்கையும் ஒன்றாக இழுத்துத்தான் வேகத்தைக் குறைத்து இறங்குவோம். இடது பிரேக் ஏற்கெனவே பாதிக்கு மேல் போய்விட்டது என்றால், இறங்கும்போது இழுக்க மிச்சம் என்ன இருக்கிறது? ஒரு முறை இழுத்துப் பார்த்தேன். வலதுபக்கம் தொய்ந்து, திருப்பம் வேகமாகியது. கையில் இருந்த உயரமானியில் முள் 2,700-ஐத் தாண்டிக்கொண்டிருந்தது.

அமெரிக்கப் பாராசூட் சங்கமான யூஎஸ்பிஏ, மாணவர்களும் ஏ லைசென்ஸ்காரர்களும் 2,500 அடிக்கு இறங்குவதற்குள் முடிவெடுத்துவிட வேண்டும் என்கிறது. அனுபவசாலிகளுக்கு 1,800 அடி. எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் 2,500 தான். அந்த எண்ணை நான் வானத்தில் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, தரையில் வைத்து முடிவு செய்தது. தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று, வளைந்து, "சிவப்பைப் பார், பிடி, வெள்ளியைப் பார், இழு, வெள்ளியைப் பிடி, இழு" என்று சொல்லிப் பழகுவேன். ஒருநாள் வீடியோ அழைப்பை அணைக்க மறந்து இதைச் செய்ததை அம்மா பார்த்துவிட்டாள். என்ன பூசை இது என்று கேட்டாள். சொன்னேன்.

அன்று நான் பிரேக் பிடிகளை விட்டதும் பாராசூட் வேகமாகச் சுழல ஆரம்பித்தது. சிவப்பைப் பார்த்தேன். வலது கை போய்ப் பிடித்தது, அதன்மேல் இடது கை. வெள்ளியைப் பார்த்தேன். சிவப்பை இழுத்தேன். தோளில் எதுவும் உடைவது போலவோ வெடிப்பது போலவோ இல்லை. சட்டைப் பொத்தான் கழன்றது போல இருந்தது. முதுகுப்புறமாகச் சரிந்து விழ ஆரம்பித்தேன். என் பாராசூட் மேலே போய்ச் சுருங்குவதைப் பார்த்தேன். இடது கை வெள்ளிப் பிடிக்குப் போய் இழுத்தபோதே ரிசர்வ் பாதி வெளியே வந்திருந்தது. ஆர்எஸ்எல் என்ற பட்டை ஒன்று உண்டு, கழன்று போகும் பாராசூட்டே அதை இழுத்து ரிசர்வின் ஊசியை உருவிவிடும். ஆனாலும் வெள்ளியை இழுக்காமல் இருக்கக் கூடாது என்றுதான் பாடம். தலைக்கு மேல் வெள்ளைத் துணி விரிந்தது. உயரமானியில் 2,100. அறுவடை முடிந்த மக்காச்சோள வயல் ஒன்றில், வெட்டிய தட்டைகளுக்கு நடுவே இறங்கினேன். கையில் வெள்ளிப் பிடி இருந்தது. சிவப்பு எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. வாய் மட்டும் 'சிவப்பு, வெள்ளி' என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

அன்றிரவு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொன்னார்கள். அதுவரை எனக்கு யாரும் இவ்வளவு விவரமாகச் சொன்னதில்லை.

இரண்டாயிரம் குதிப்புகளுக்கு மேல் முடித்த விவசாயி ஒருவர், ஆப்பிரிக்கான்ஸ் பேசுகிறவர், நான்கு முறை அவிழ்த்துவிட்டிருக்கிறார். அதில் சுலபமானது எது என்று கேட்டேன். பைக்குள்ளிருந்து துணி வெளியே வராமலே போன அந்த ஒன்று என்றார். தலைக்கு மேல் ஒரு மூட்டை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும், நாம் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டிருப்போம். 3,000 அடியில் அப்படி ஆனால் தரைக்குச் சுமார் 17 விநாடிதான். ஆனாலும் அது சுலபம் என்கிறார். பார்த்த உடனே தெரிந்துவிடுகிறது, மனம் வாதாடுவதில்லை. கை தானாகப் போகிறது.

சொவேட்டோவில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் தோழி சொன்னது வேறு. அவள் பறப்பது சின்னப் பாராசூட். திறக்கும்போது கயிறுகள் முறுக்கிக்கொண்டு, அவளைப் படுத்த வாக்கில் வைத்துச் சுழற்றியிருக்கிறது. ராட்டினத்தின் வெளிவிளிம்பில் நம்மைக் கட்டிவிட்டது போல. கை கால் எல்லாம் கனத்துவிட்டன. சிவப்புப் பிடி வழக்கமாக எங்கே இருக்குமோ அங்கே கையைக் கொண்டுபோனாள். அங்கே அது இல்லை. ஹார்னஸ் இழுபட்டு மேலே ஏறியிருந்தது. ஒரு விநாடி துணியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அப்புறம்தான் தலையைக் குனிந்து பார்த்தாள். "பார்க்கச் சொன்னதற்கு அர்த்தம் அன்றைக்குத்தான் தெரிந்தது" என்றாள். அதனால்தான் எங்கள் பாடத்தில் பிடிப்பதற்கு முன்னால் பார்ப்பது வருகிறது.

இன்னொருவர் சுரங்கத்தில் பொறியாளர். அவர் அவிழ்த்துவிடவில்லை. அதைச் சொல்வதற்கே அவருக்கு நேரம் பிடித்தது. என்னைப் போலவே கயிற்று முடிச்சு, என்னைப் போலவே மெதுவான திருப்பம். 3,000 அடியிலிருந்து 700 அடி வரைக்கும் அதைச் சரிசெய்துகொண்டே வந்திருக்கிறார். 1,000 அடிக்குக் கீழே அவிழ்த்துவிடக் கூடாது, ரிசர்வ் முழுக்க விரிய உயரம் போதாது. அங்கே செய்யக்கூடியது வெள்ளியை மட்டும் இழுத்து, இருக்கிற துணியோடு இன்னொரு துணியைச் சேர்ப்பது. அவர் அதையும் செய்யவில்லை. சுழன்றுகொண்டே தரையில் மோதினார். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது, இடுப்பெலும்பில் விரிசல்.

பாராசூட் தொலைந்தால் பெருஞ்செலவு என்பதாலா என்று யாரோ கேட்டார்கள். அவர் தலையாட்டினார். "பணம் ஞாபகத்துக்கே வரவில்லை. அது திறந்திருந்தது, அவ்வளவுதான். திறந்திருப்பதை எப்படி விடுவது?" என்றார். நெருப்பைச் சுற்றி யாரும் பதில் சொல்லவில்லை. அந்த 3,500 அடியில் எனக்கு வந்த நினைப்பும் அதேதான். அவருக்கும் எனக்கும் நடுவே இருந்த வித்தியாசம் தைரியம் என்று நான் நம்பவில்லை. அன்று எனக்கு 2,500 என்ற எண் ஞாபகத்தில் இருந்தது, அவருக்கு அந்த எண் நழுவிவிட்டது. தைரியசாலி, கோழை என்று இதைப் பிரித்துப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

இயந்திரம் காப்பாற்றாதா என்று கேட்பவர்கள் உண்டு. 1991-இல் ஜெர்மனியின் ஹெல்முட் க்ளோத் உருவாக்கிய சைப்ரஸ் என்ற கருவி எங்கள் பைகளில் இருக்கிறது. சுமார் 225 மீட்டர் உயரத்தில் இன்னும் விநாடிக்கு 35 மீட்டருக்கு மேல் வேகமாக விழுந்துகொண்டிருந்தால், அது ரிசர்வின் கண்ணியைத் தானே வெட்டித் திறந்துவிடும். மயங்கிப்போனவர்களையும் உயரத்தை மறந்தவர்களையும் அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் பாதி திறந்த பாராசூட்டில் தொங்குகிறவர் அந்த வேகத்தை எட்டாமலே தரையில் மோதக்கூடும். கருவியின் கணக்கில் அவர் பத்திரமாக இருக்கிறார்.

அன்று இருந்தவர்களில் டர்பனிலிருந்து வந்திருந்த ஒரு அண்ணன் மட்டும் எதுவும் சொல்லாமல் இருந்தார். அறுபதை நெருங்குகிறவர். டோங்காட் பக்கத்துக் குடும்பம். அவருடைய முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் கரைக்கு வந்தது முதல் 1911 வரைக்கும் வந்த ஒன்றரை லட்சம் பேரில் அவர்களும் உண்டு. வீட்டில் ஆங்கிலம்தான். ஆயா என்று அவர் கூப்பிட்ட பாட்டியிடமிருந்து வந்த தமிழ்ச் சொற்கள் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. என்னிடம் பேசும்போது அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுப்பார். மறுநாள் காலை என் பாராசூட்டைத் தேட நாங்கள் இருவரும் வயல் வயலாக நடந்தபோதுதான் தன் கதையைச் சொன்னார்.

நட்டாலில் பல வருடங்களுக்கு முன் குதித்தபோது அவர் அவிழ்த்துவிட்ட பாராசூட் கரும்புத் தோட்டத்தில் போய் விழுந்தது. ஆள் உயரத்துக்கும் மேல் வளர்ந்த கரும்பு. மேலிருந்து பார்த்தவர்கள் திசை காட்டினார்கள். உள்ளே இறங்கியதும் திசையே இல்லை. கைமுட்டி வரை கரும்புச் சோகை கீறி ரத்தம். இரண்டு மணி நேரம் உள்ளே சுற்றியிருக்கிறார். "தங்கச்சி, நம்ம ஆயா கையில இந்தக் கோடெல்லாம் இருந்துச்சு. சின்னப் புள்ளையில நான் பார்த்திருக்கேன். என்னன்னு கேக்கல" என்றார். அதைத் தமிழில்தான் சொன்னார். பாராசூட் கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்தது, ஆனால் அன்று தான் எதைத் தேடி உள்ளே போனோம் என்பதே பாதியில் மறந்துவிட்டது என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. நாங்கள் நடந்துகொண்டே இருந்தோம். காய்ந்த சோளத்தட்டை காலடியில் நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அன்று எங்களுக்கு ரிசர்வின் பை மட்டும் கிடைத்தது, ஒரு முள்மரத்தடியில். பாராசூட் கிடைக்கவில்லை.

ரிசர்வைப் பயன்படுத்தியவர் அதை மடித்துக் கொடுத்த ரிக்கருக்கு ஒரு பாட்டில் மது வாங்கிக் கொடுப்பது எங்கள் வழக்கம். உலகம் முழுக்க இது உண்டு. எங்கள் ரிக்கர் ஒரு வயதான அம்மா, குடிப்பதில்லை. எனவே ஊரிலிருந்து அம்மா கொடுத்து அனுப்பிய கைமுறுக்கு டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, பதிவு அட்டையை எடுத்து நான் பயன்படுத்திய தேதியை எழுதினார். பிறகு, நேரம் இருந்தால் உட்கார்ந்து பார் என்றார்.

மூன்று மணி நேரம் பார்த்தேன். ஒவ்வொரு கயிற்றையும் விரலிடுக்கில் விட்டு மேலிருந்து கீழ்வரை இழுத்துப் பார்த்தார். ஒவ்வொரு அறையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மடிக்க ஆரம்பித்தபின் பேசவே இல்லை. காற்றை முழங்காலால் மெல்ல அழுத்தி வெளியேற்றி, மடிப்பு மேல் மடிப்பாக, பட்டுப்புடவையை வைப்பது போல வைத்தார். கருவிகளை எண்ணிப் பெட்டியில் போட்டார், ஏதாவது ஒன்று உள்ளே தங்கிவிட்டால் தெரிய வேண்டும் அல்லவா. கடைசியில் சிவப்பு நூல், ஈயமுத்திரை, கையெழுத்து. பிறகுதான் டப்பாவைத் திறந்து ஒரு முறுக்கை எடுத்தார். நான் அழுதுவிட்டேன். வானத்தில் அழவில்லை, வயலில் அழவில்லை. அந்த மேசைக்கு முன்னால் அழுதேன்.

முறுக்கு போன இடத்தை அம்மாவிடம் சொன்னேன். அடுத்த மாதம் ஊரிலிருந்து வந்த ஒருவர் மூலம் இரண்டு டப்பா வந்தது. ஒன்றில் 'பாராசூட் மடிக்கிற அம்மாவுக்கு' என்று துண்டுச் சீட்டு.

பத்தொன்பது நாள் கழித்து, பக்கத்துப் பண்ணையில் மாடு மேய்க்கும் பையன் ஒருவன் என் பாராசூட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். நாங்கள் தேடிய இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, வேலியில் சிக்கியிருந்ததாம். துணியில் இரண்டு சின்னக் கிழிசல், அவ்வளவுதான். விமானம் நிறுத்தும் ஹேங்கர் தரையில் விரித்துப் பார்த்தோம். முடிச்சு அப்படியே இருந்தது. என்னிடம் விடச்சொல்லி ரிக்கரிடம் கேட்டு, நானே விரலால் பிரித்தேன். நார் பிரிந்த பிரேக் கயிறு மற்ற கயிறுகளைச் சுற்றி இறுகியிருந்தது. உள்ளே ஒரு பிளாக்ஜாக் விதை, இரண்டு கொம்போடு.

கயிறுகள் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னேன். அது முடிந்து வந்ததும், புதிய சிவப்புப் பிடியோடு மூன்று வளையங்களையும் நானே கோர்த்தேன். பெரியது, நடுவளையம், சின்னது, கண்ணி, மஞ்சள் கம்பி. இரண்டு தோளும். ரிக்கர் சரிபார்த்தார்.

அன்று இரவு அம்மாவுக்குப் போன் செய்தேன். இந்த நாட்களில் ஒவ்வொரு முறையும் அவள் முதலில் கேட்டது, "அது கிடைச்சுதா?" என்பதுதான். கிடைத்துவிட்டது, கயிறு மாற்றிவிட்டேன் என்று சொன்னேன்.

"அதையேதான் மாட்டிக்கிட்டுத் திரும்பக் குதிக்கப் போறியா?"

"ஆமாம்மா. சனிக்கிழமை."

அடுப்பில் ஏதோ தாளிக்கும் சத்தம் கேட்டது. தீயைக் குறைத்திருப்பாள் போல, சத்தம் அடங்கியது.

"சிவப்பு வலது பக்கம்தானே?" என்றாள்.

"ஆமா."

"பார்த்துட்டுப் பிடி."